பதிவறை அம்மாவின் நீல நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி

அனுப்புநர்
பல் செட் கட்டுபவர்,
மாடிப்படிக்குக் கீழே உள்ள கடை,
கடைத்தெரு.

பெறுநர்
உயர்திரு தலைமைப் பதிவக அதிகாரி அவர்கள்,
பழைய பதிவகக் கட்டடம், இரண்டாம் மாடி.

பொருள்: பதிவறைப் பொறுப்பாளர் அம்மையார் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், அவர் மீதான நடவடிக்கையைக் கைவிட்டு, பறிமுதல் செய்த நீல நோட்டை அவரிடமே ஒப்படைக்கக் கோருவதும் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் 9ஆம் தேதியிட்ட புகார் (நான்கு பக்கம், அதில் மூன்றரைப் பக்கம் தேவையற்றது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பார்வையில் கண்ட புகாரின் அடியில் "பாதிக்கப்பட்ட பொதுமக்கள்" என்று கையெழுத்திட்டிருக்கும் ஏழு பேரும் நான் ஒருவனே. மூன்று பேனாக்களையும் இரண்டு கைகளையும் பயன்படுத்தினேன். இடது கையால் போட்டவை நன்றாக வந்திருப்பதாக அன்று எனக்குப் பெருமை வேறு.

2. என் அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. கடல் கடந்து வாழும் ஒரே மகளிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த நாட்டில் ஆளுக்கு ஒரு தாள் உண்டாம். பிறந்த அன்று தொடங்கும் அந்தத் தாள், ஆள் எங்கே குடிபோனாலும் பின்னாலேயே போகுமாம். ஆகவே எந்த வீட்டில், எந்த நாளில் பிறந்தார் என்ற சான்று இல்லாமல் விண்ணப்பம் ஒரு அடி நகராது என்று முகவர் கைவிரித்துவிட்டார்.

3. நம் பதிவகத்திலோ மூன்று ஆட்சிகளின் வழக்கம் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறது. முதலில் ஆண்டவர்கள் வீட்டு வாரியாக எழுதினார்கள். எந்தக் கூரையின் கீழ் எது நடந்ததோ, அது அந்த வீட்டுப் புத்தகத்தில். அடுத்து வந்தவர்கள் வேறு தேசத்து முறைப்படி குடும்பத் தலைவர் பெயரில் எழுதினார்கள். இப்போது நாம் தேதி வாரியாக எழுதுகிறோம். புதிதாக வந்தவர் யாரும் பழையதை மாற்றி எழுதவில்லை. உயரமான ஏணி மட்டும் வாங்கினார்கள். அக்கா பிறந்தது முதல் முறை போய் இரண்டாவது முறை வந்துகொண்டிருந்த வருடம். எங்கள் வீட்டுப் புத்தகத்திலும் அவர் இல்லை, அப்பா பெயரிலும் இல்லை.

4. இந்த நிலையில்தான் பொறுப்பாளர் அம்மையார், எனக்குப் பின்னால் பதினோரு பேர் நிற்கும்போது, நீல அட்டை போட்ட ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, அக்கா பொறக்குற சமயத்துல உங்க அம்மாவும் அப்பாவும் பேசிக்கிட்டு இருந்தாங்களா?" வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயா, வம்பு எனக்கு ஆகாத பொருள் அல்ல. என் தொழிலில் வாயைத் திறந்தபடி இருப்பவர் வாடிக்கையாளர், பேசுவது நான். தெருவில் பாதிப் பேர் கதை என் நாக்கில்தான் இருக்கிறது. என் வீட்டு வம்பை என்னிடமே கேட்டதுதான் பொறுக்கவில்லை. "அவங்க ஒரு நாள்கூட சண்டை போட்டதில்லம்மா" என்று சொல்லிவிட்டு விருட்டென்று கிளம்பினேன். அன்றே புகார் எழுதினேன்.

5. நான்கு வாரம் கழித்து, வேறு வழியில்லாமல், அக்காவோடு மீண்டும் போனேன். அம்மையாரின் மேசையில் தாங்கள் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்கண்ணே. புகார் படிச்சேன். ஏழு பேர் கையெழுத்துலயும் ஒரே வால் தொங்குது" என்றார். உடனே நீல நோட்டைத் திறந்தார். என் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா கூசவே இல்லை. "பேச்சே கிடையாதும்மா. அம்மா குறட்டை விடுறத அப்பா யார்கிட்டயோ சொல்லிட்டாராம். நெறமாசத்துல அம்மா எதிர்வரிசை தையல்காரர் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு மட்டுந்தான்டா சொல்லல. சொல்லியிருந்தா பல்லு கட்ட வர்ற அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

6. நீல நோட்டில் இருப்பதை வம்பு என்று புகாரில் எழுதியிருந்தேன். தவறு. இருபத்திரண்டு ஆண்டுகளாக வந்தவர் போனவரிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதி வைத்தவை அவை: யார் யாரோடு கோபித்துக்கொண்டு எங்கே தங்கினார், எந்த வீடு பின்னாளில் எந்த எண் ஆனது, எந்த வீட்டுப் புத்தகம் எந்த அலமாரியில் மாறி உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறைகளுக்கும் நடுவே அந்த அறையில் உள்ள ஒரே பாலம் அதுதான். பன்னிரண்டு நிமிடத்தில் தையல்காரர் வீட்டுப் புத்தகம் மேசைக்கு வந்தது. குழந்தை: பெண். உடனிருந்தவர்: தையல்காரர் மனைவி. "வேறு வீட்டில் தங்கிய காரணம்" என்று ஒரு கட்டம். அதில் அந்தக் காலத்து எழுத்தர் "கோபம்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே, வேறொரு நாள், வேறு மையில், "தீர்ந்தது. கணவர் வந்து அழைத்துப் போனார்" என்று சேர்த்திருந்தார். அக்கா அந்த இரண்டாவது மையின் மேல் வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. பதிவேட்டில் கை படக் கூடாது என்ற விதியை அம்மையார் நினைவூட்டவில்லை. அதற்காக இன்னொரு விசாரணை வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

7. அன்று மாலையே, என் புகாரின் பேரில், அந்த நோட்டு "அங்கீகாரம் இல்லாத ஆவணம்" என்று பறிமுதல் செய்யப்பட்டது. வரும் வெள்ளிக்கிழமை விசாரணை. வேலையே போகலாம் என்று வாசல் காவலாளி சொல்கிறார். நோட்டு இல்லாத நேற்றைய ஒரு நாளில் மட்டும் ஆறு பேர் வெறுங்கையோடு படியிறங்கினார்கள். எதிர்க்கடையில் உட்கார்ந்து எண்ணினேன். என் கடையில் பல் அச்சுகளை "தெத்துப்பல் மாமா", "சிரிக்காத வாத்தியார்" என்று எழுதித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட மாறிப் போனதில்லை. அப்படிப்பட்ட நான் அவர் முறையைக் குறை சொன்னேன்.

8. ஆகவே, புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனையோ அதை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மையார் மீதான நடவடிக்கையைக் கைவிடுங்கள். நோட்டுக்கு ஒரு பதிவெண் கொடுத்து, அவர் மேசையிலேயே திரும்ப வையுங்கள். வெள்ளிக்கிழமை நானே நேரில் வந்து இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் காத்திருக்கிறேன். அவருக்கு எங்கள் குடும்பம் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. தாங்கள் மனம் வைத்தால் தங்களையும் அதில் சேர்த்துக்கொள்வோம்.

பணிவுடன்,
(கையொப்பம்)
பல் செட் கட்டுபவர்

இடம்: கடைத்தெரு
நாள்: 14ஆம் தேதி, செவ்வாய்

இணைப்பு:
1. அக்காவின் பிறப்புப் பதிவு – நகல்.
2. அக்கா மகள் வாழும் நாட்டின் அலுவலகத்திலிருந்து நேற்று வந்த பதில் கடிதம் – நகல். (அறுபது வயது கடந்தவர்களிடம் பிறப்புச் சான்று கேட்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை என்று தெரிவித்திருக்கிறார்கள்.)