மனுவில் இருந்த பெயர்கள்

சிவமயம்

திருநெல்வேலி,
கீலக வருஷம் ஐப்பசி மாதம் 9-ந் தேதி

அன்புள்ள தம்பி தாணுமாலையனுக்கு அக்காள் வடிவம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீ கொழும்பிலிருந்து கொடுத்தனுப்பிய கடிதத்தை உவரி வள்ளக்காரர் லியோன் முந்தாநாள் கொண்டுவந்து தந்தார். உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தபாலில் போடாமல் ஆள்கையில் கொடுத்தது நல்லதாயிற்று. நம் வீட்டுக்கு வருகிற தபாலெல்லாம் பிரித்து ஒட்டித்தான் வருகிறது. லியோன் இன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

அத்தான் உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்கள். பிறகு அடுப்பில் வைத்துவிட்டார்கள். கோபத்தில் அல்ல. வாரத்துக்கு ஒரு தரம் போலீஸ்காரர்கள் வந்து வீட்டைச் சோதனை போடுகிறார்கள். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்க்கிறார்கள்.

ஐந்து பக்கத்தில் நாலு பக்கம் நீ நம் தெருவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய். குறுக்குத்துறை ஆற்று மணலில் கூட்டம் நடக்கிறதா, பிடியரிசி எடுப்பதை விட்டுவிட்டீர்களா, ஜவுளிக்கடைக்காரர்கள் சீமைத்துணி விற்பதில்லை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்றெல்லாம். கலகத்துக்காக ஊர்மேல் போட்டிருக்கிற தண்டப் போலீஸ் வரியை யாரும் கொடுக்கக் கூடாது என்றும், அதற்கு வீட்டுக்கு ஒருவர் சேர்ந்து ஒரு சபை வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கே கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதியபோது உன் மனசில் தை மாசத்துத் தெருதான் இருந்திருக்கும். அந்தத் தெரு இப்போது இல்லை, தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தையிலும் மாசியிலும் நீ வீடு வீடாகப் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாதாரண ஊர்க்காரன் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டவர்களிடமெல்லாம், கூட்டத்துக்கு வா, சீமைச் சீனியை வாங்காதே, கடையடைப்பு என்றால் கடையை அடை, தூத்துக்குடி மில்லில் வேலையை விட்டு நிற்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு பிடி அரிசி போடு, இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னாய். எல்லாரும் செய்தார்கள். நானும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நம் பங்குக்கு ஒரு காரியம் செய்கிறோம் என்கிற சந்தோஷம் அப்போது எல்லார் முகத்திலும் இருந்தது. அது பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மாசிக் கடைசியில் சுதேசித் தலைவர்களைப் பிடித்த மறுநாள் கடைத்தெருவில் துப்பாக்கி வெடித்ததும், அன்று இரவே லியோனின் வள்ளத்தில் நீ போனதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. தெருக்கோடியில் பூக்கட்டுகிற இசக்கித்தாயின் புருஷன் அம்மையப்பன், வண்டிக்காரன், அன்றைக்கு மாட்டை அவிழ்த்துக்கொண்டு வரத்தான் போனான். குண்டு பட்டு அங்கேயே கிடந்தான். நம் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினொரு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இனி நான் சொல்லப்போவது என் காரியம். உன் பேச்சு என் காதில் இருந்தது. ஆண்கள் வெளியே தலைகாட்ட முடியாது, பெண்களாவது ஒரு மனுப் போடலாமே என்று எனக்குத் தோன்றியது. வக்கீல் தில்லைநாயகம் பிள்ளையிடம் கேட்டேன். போடலாம், ஆனால் கைநாட்டு வைத்தால் யாரோ தூண்டிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள், அவரவர் கையால் பெயர் எழுதினால் மதிப்பு உண்டு என்று சொன்னார். சித்திரை முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீட்டுப் பின்கட்டில் பெண்களை உட்காரவைத்து எழுதப் பழக்கினேன். தரையில் கோலப்பொடியைப் பரப்பி அதில் விரலால் எழுதினார்கள். இசக்கித்தாய் முதல் நாள் வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டதற்கு மேலவீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். நாலாம் நாள் யாரும் சுளிக்கவில்லை. அவளுக்கு ‘இ’ வரவே இல்லை. பாம்பு சுருண்டமாதிரி இருக்கே அம்மா என்று சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருபத்தேழு பேர் எழுதினார்கள். எங்கள் ஆட்கள் குற்றம் செய்யவில்லை, விடுதலை செய்ய வேண்டும் என்று மேலே எழுதி, கீழே இருபத்தேழு பெயர். கடைசிப் பெயர் என்னுடையது. கலெக்டர் கச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அன்று எல்லாரும் ஆற்றில் குளித்துவிட்டு வந்தோம்.

வைகாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கையில் ஒரு காகிதம். முதல் வீட்டு வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அடுத்த வீடு. நான் உட்காரவைத்திருந்த வரிசையிலேயே பெயர்கள் வந்தன. நாலாவது பெயர் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் மனுவையே பார்த்துப் படியெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட வீடுகளெல்லாம் கலகத்தில் சேர்ந்த வீடுகள் என்று கணக்காகிவிட்டது. அன்று இன்னும் நாலு பேரைப் பிடித்தார்கள். அதில் ஒருவன் இசக்கித்தாயின் தம்பி சிவசைலம். அக்காளுக்குத் துணையாக ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கலகத்தன்று அவன் இந்த ஊரிலேயே இல்லை. அதைச் சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அத்தானைப் பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மனு உங்கள் வீட்டில்தானே எழுதியது என்று மட்டும் கேட்டார்களாம். அத்தான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, அக்கா, என் பெயரை மட்டும் அடிச்சிருங்கோ என்று அழுதார்கள். நான் கச்சேரிக்குப் போய் நின்றேன். அங்கிருந்த குமாஸ்தா, கொடுத்த காகிதம் சர்க்கார் காகிதம், அதில் யாரும் கைவைக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இசக்கித்தாய் ஒரு நாள் வந்தாள். அழவில்லை. அம்மா, எனக்கு எழுதக் கத்துக் குடுத்தியளே, அதை மறக்கதுக்கு ஏதாவது வழி இருக்கா என்று கேட்டாள். அப்படி ஒரு வழி உனக்குத் தெரியுமா?

தம்பி, இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும்.

ஆனி மாசம் வக்கீல் வந்து ஒரு சேதி சொன்னார். பின்னால் பிடித்த நாலு பேர்மேல் சாட்சி ஒன்றும் இல்லை. தெருவைத் தூண்டிவிட்டது இன்னார் என்று அந்த வீட்டு மனுஷியே வாக்குமூலம் கொடுத்தால் இவர்களை விட்டுவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறாராம். இன்னார் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அந்த நாலு வீட்டுப் பெண்களும் வந்து நம் வீட்டு முன்கட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்தார்கள். உங்க தம்பி அக்கரையில பத்திரமா இருக்காரு, எங்க ஆளுகதானே உள்ள கிடக்காங்க என்று ஒருத்தி சொன்னாள். இசக்கித்தாய் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் அப்படி வந்தார்கள். அத்தான், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போய்விட்டார்கள்.

நாலாம் நாள் நான் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். கூட்டம் கூட்டியது என் தம்பி, கடையை அடைக்கச் சொன்னது என் தம்பி, மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அம்மா செத்தபோது உனக்கு மூன்று வயசு. என் இடுப்பிலிருந்து இறங்க மாட்டாய். கையெழுத்துப் போடும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

அவர்களை விடவில்லை. கொடுத்த வாக்கை யாரும் எழுத்தில் கொடுக்கவில்லையே, நான் என்ன செய்ய என்று வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். ஆடியில் தீர்ப்பு வந்தது. சிவசைலத்துக்கு இரண்டு வருஷம். மற்ற மூன்று பேருக்கும் அதே. என் வாக்குமூலத்தை வைத்து உன் பேரில் வாரண்டு எழுதியிருக்கிறார்கள். ஆக, நான் யாரையும் காப்பாற்றவில்லை. உன்னையும் கொடுத்துவிட்டேன்.

இப்போது நம் தெருவில் மூன்று பேர் சேர்ந்து நிற்பதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால்கூட, போலீஸ்காரன் பார்க்கிறான் என்று ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டு வருகிறார்கள். ஜவுளிக்கடையில் சீமைத்துணி திரும்ப வந்துவிட்டது. வரி கேட்டு வந்தால் முதல் நாளே கொடுத்துவிடுகிறார்கள். நான் கிணற்றடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பைய நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ எழுதியிருக்கிற சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்றாயே, இந்தத் தெருவில் இனி ஒருவரும் தன் பெயரைக்கூட எழுத மாட்டார்கள். நான் போய்க் கேட்கவும் மாட்டேன்.

அத்தான் சாத்தான்குளத்தில் ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். சனிக்கிழமை வருவார்கள். இருமல் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

தை மாசம் வந்துவிடுவேன், அக்கா கையால் பொங்கல் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வராதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று யாராவது சேதி சொன்னாலும் வராதே. அங்கே வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நெல்லையப்பரும் காந்திமதியும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அங்கே நீ வேறு பெயர் வைத்துக்கொண்டு இருப்பதாக லியோன் சொன்னார். என்ன பெயர் என்று சொல்ல வந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அதை எனக்கு ஒருநாளும் எழுதாதே, தம்பி. யாரிடமும் சொல்லியும் அனுப்பாதே. எனக்குத் தெரியவே வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த அக்காள்,
வடிவம்மாள்