படத்தில் இருப்பது நான்தான்

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவும் நானும் நலம். இருவருக்கும் சேர்த்து உள்ள நான்கு முழங்கால்களில் மூன்று நன்றாகவே இருக்கின்றன. நீயும் நலமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், போதிய அளவு தூங்குகிறாய் என்று நம்புகிறேன். ‘அறிகிறேன்’ என்று எழுதாமல் ‘நம்புகிறேன்’ என்று எழுதக் காரணம், அதற்கான ஆதாரம் எதையும் நீ இதுவரை அனுப்பவில்லை. நிற்க. சென்ற வாரம் குடும்பக் குழுவில் உன் அம்மா போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, “படகுல முன்னாடி உட்கார்ந்திருக்கிற அங்கிள் யாரும்மா, பாவம், முகமே வெளிறிப்போய் இருக்கு” என்று கேட்டிருந்தாய். அவள் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பி விஷயத்தை முடித்துக்கொண்டாள். ஆகவே முறைப்படி தெரிவிக்கிறேன்: படத்தில் இருப்பது நான்தான். தலையில் இருப்பது ஹெல்மெட், கழுத்துவரை இறுகியிருப்பது லைஃப் ஜாக்கெட், முகத்தில் வெள்ளையாகத் தெரிவது வெயிலுக்குப் பூசிய களிம்பு. வெளிறிப்போனதாக நீ கருதியது அந்தக் களிம்பையே என்று பதிவு செய்ய விரும்புகிறேன். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அம்மா எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், இக்கடிதத்தின் பிற்பகுதியோ அவள் காதுக்குப் போகக் கூடாதது. எனவே நானே எழுதி, நானே ஒட்டி, நானே தபாலில் சேர்க்கிறேன்.

உன் அம்மா ஓய்வு பெற்ற பிறகு நீச்சல் கற்றதும், பின்னர் கயாக் படகோட்டும் வகுப்பில் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். ஏன் சேர்ந்தாள் என்பது எனக்கே அண்மையில்தான் தெரிந்தது. அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சன்னல் வழியாக ஆறு தெரியும். வந்தவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பு மேலெழும்வரை அவள் அந்த ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஓரிடத்தில் ஆறு வளைந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும், அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பணிக்காலம் முழுக்க யோசித்தாளாம். நடந்தே போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். கரையில் வழி கிடையாது, தண்ணீர்தான் வழி என்றாள். கூடவே, “உங்ககிட்ட சொல்லியிருந்தா சர்வே வரைபடத்தைக் கொண்டுவந்து விரிச்சிருப்பீங்க” என்றாள். உண்மைதான், விரித்திருப்பேன்.

அந்த வளைவைத் தாண்டிச் செல்லும் பயணத்துக்குப் புதியவர்களை ஆண்டுக்கு ஒரு முறைதான் அழைத்துப் போகிறார்கள், அதுவும் நீர் அளவாக ஓடும் பருவத்தில் மட்டும். தனிப் படகில் போக உன் அம்மாவுக்கு இன்னும் அனுமதி இல்லை. இருவர் படகில் அவளுக்குத் துணையாக வரவிருந்தவர் நீ தபாலக்கா என்று கூப்பிடுவாயே, தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அவளுடைய தோழி, அவர். பயணத்துக்குச் சில நாட்கள் இருக்கையில் தபாலக்கா மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆற்றில் அல்ல, தன் வீட்டுக் குளியலறையில். செய்தி வந்ததும் “பார்த்தாயா, தண்ணீர் என்றாலே ஆபத்துதான்” என்று நான் வாய்விட்டது பெரும் பிழை. உன் அம்மா நிதானமாக, “ஆத்துல மூணு மாசமா ஒண்ணும் ஆகலை, வீட்டுக்குள்ளதான் ஆச்சு, இனிமே நீங்க குளிக்கப் போறப்பவும் ஹெல்மெட் போட்டுக்கங்க” என்றாள். எதிர்த்தரப்புச் சாட்சியை நானே கைப்பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்ட நிலை. துணை இல்லாவிட்டால் அவளுடைய இடம், வரிசையில் காத்திருக்கும் ஒரு பல் டாக்டர் தம்பதிக்குப் போய்விடும் என்பதும் அப்போது தெரிந்தது. அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. தன் ஹெல்மெட்டைக் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அவள் கடைக்குப் போனதும் நான் ஸ்டூல் போட்டு அதை எடுத்து என் தலையில் வைத்துப் பார்த்தேன். இறங்குவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு இது சிறியது, வேறொன்று வாங்க வேண்டும் என்றேன். என் ஒப்புதல் அந்த ஒரு வாக்கியத்தில், ஸ்டூலின் மேல் நின்றபடி வழங்கப்பட்டது.

நீயும் அங்குள்ள ஆற்றில் இதைக் கற்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். ஆகவே நடந்ததைக் கவனமாகப் படி. இங்கே பயிற்சி தருபவர் ஒரு பெண்மணி, கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோரும் விசிலம்மா என்கிறார்கள். முதலில் என் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து மூட்டையைத் தூக்குவதுபோல் மேலே இழுத்துப் பார்த்தார். அது காதுவரை ஏறிவந்தால் தளர்வு என்று பொருளாம், வார்களை இறுக்கினார். துடுப்பைக் கையால் இழுக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பி முதுகால் இழுக்க வேண்டும், படகின் மூக்கைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இவை யாவும் ஏற்கத்தக்கவை. அதன் பிறகுதான், “சரி சார், இப்ப கவிழுங்க” என்றார். ஆறு தேங்கி நிற்கும் ஒரு மடுவில், அவர் மார்பளவு நீரில் பக்கத்திலேயே நிற்க, படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நீருக்குள் தலைகீழாகி, வெளியே வந்து, படகையும் துடுப்பையும் விடாமல் பிடித்துக் கரை சேர வேண்டும். இதில் தேறாதவரை ஆற்றில் விடமாட்டார்கள். யோசித்துப் பார், மகளே. என் தொழில் என்ன? எதுவும் கவிழாமல் பார்த்துக்கொள்வது. வில்லங்கம் பார்த்து, எல்லை பார்த்து, சாட்சிக் கையெழுத்து பார்த்து, பிறருடைய வீடும் நிலமும் கவிழாதபடி பத்திரம் எழுதியே முடி நரைத்தவனிடம் கவிழச் சொன்னால் உடம்பு கேட்குமா. ஒரு பக்கம் சாய்ந்தேன், இடுப்பு தானாகவே படகை நிமிர்த்திவிட்டது. மறு பக்கம் சாய்ந்தேன், மறுபடியும் நிமிர்ந்தது. விசிலம்மா, “சார், இப்படி நிமிர்த்த வராமத்தான் மத்தவங்க தவிக்கிறாங்க, உங்களுக்கு அது தானா வருது, ஆனா இன்னைக்கு எனக்கு அது வேண்டாம்” என்றார். கரையில் உட்கார்ந்திருந்த சக மாணவர், சலூன் வைத்திருப்பவர், “சார் வாய்தா கேக்குறாரு, குடுத்துருங்க” என்றார். அனைவரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் அவளுக்குப் பக்கத்தில் மிகுந்த நம்பிக்கையுடன் நின்றுகொண்டிருந்தார், கையில் துடுப்புடன்.

அலுவலகத்தை அடைத்ததும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் என் வழக்கத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து எவ்வளவு கேலி செய்திருப்பீர்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். விசிலம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய அந்த வேளையில், கரையிலிருந்து உன் அம்மா, ஊசி குத்துவதற்கு முன் நோயாளிகளிடம் பேசும் அதே இதமான குரலில், “ஏங்க, ஆபீஸ் பூட்டை இழுத்துப் பார்த்தீங்களா” என்றாள். நான் திடுக்கிட்டு அவள் பக்கம் முழு உடம்போடு திரும்பினேன். அடுத்து நான் பார்த்தது பச்சை நிறம். நீருக்குள் தலைகீழாக இருக்கையில் பயம் வரும் என்று சொல்லியிருந்தார்கள், எனக்கு வரவில்லை, ஏனென்றால் நான் பூட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று முறையும் இழுத்தது தெளிவாக நினைவுக்கு வந்ததும் நிம்மதியாக வெளியே வந்தேன். கையில் துடுப்பு இருந்தது, படகு இருந்தது, மூக்குக் கண்ணாடி மட்டும் இல்லை. கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள், இதை உனக்கு அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். சலூன்காரர் எழுந்து நின்று கைதட்டினார். பல் டாக்டர் துடுப்பைக் கீழே வைத்தார். உன் அம்மா துண்டை நீட்டி, “எறும்பு கடிச்ச மாதிரிதானே இருந்துச்சு” என்றாள்.

பயண நாளில் யார் முன்னால், யார் பின்னால் என்பதில் சிறு வழக்கு நடந்தது. பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புபவர், முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பவர். இருவர் படகுக்கு ஆற்றுக்காரர்கள் விவாகரத்துப் படகு என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். தீர்ப்பு உன் அம்மாவுக்குச் சாதகமாகவே அமைந்தது, ஆகவே படத்தில் நான் முன்னால் இருக்கிறேன். இதில் ஒரு குறை உண்டு. பின்னால் இருப்பவர் துடுப்பு போடுகிறாரா என்பதை முன்னால் இருப்பவர் அறிய வழியில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கவே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவள் துடுப்பை மடியில் குறுக்காக வைத்துவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, “திருப்புறதுதான் என் வேலை, இப்ப ஆறு நேராத்தானே போகுது” என்றாள். மருத்துவமனையின் பின்பக்கம் வந்தது. அவளுடைய சன்னலைக் கீழிருந்து பார்த்தோம், யாரோ கண்ணாடியில் நாள்காட்டி மாட்டியிருந்தார்கள். அப்புறம் அந்த வளைவு. மரங்கள் விலகின. அங்கே இருந்தது ஒரு பழைய பம்ப் ஹவுஸ், அதன் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நீலச் சட்டை, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு மனசு கேட்காமல் ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. “இதுக்கா இத்தனை வருஷம் எட்டி எட்டிப் பார்த்தேன்” என்று சிரித்தாள், பிறகு, “அதோ இன்னொரு வளைவு” என்றாள். இருவரும் அதைப் பார்த்ததில் நேரே இருந்த பாறையை யாரும் பார்க்கவில்லை. படகு குறுக்காகத் திரும்பிப் பாறையில் மோதி நின்றது. ஆபத்தைக் கண்டால் விலகிச் சாய்வதுதான் மனித இயல்பு, என் இயல்பு சற்று அதிகமாகவே. ஆனால் அப்படி விலகினால் ஓடிவரும் நீர் படகின் விளிம்பில் ஏறி ஒரு நொடியில் கவிழ்த்துவிடும், பாறையின் மேலேயே சாய வேண்டும். “பாறையைக் கட்டிப்பிடிங்க” என்று உன் அம்மா கத்தினாள். முன்பின் தெரியாத அந்தப் பாறையைக் கட்டிப்பிடித்தேன். படகு ஆடி, உரசி, மெல்ல நழுவி நேரானது. படம் அதற்குப் பின் எடுக்கப்பட்டது, முகத்தில் இருந்தது களிம்பு மட்டும்தானா என்பதை இப்போது உன் முடிவுக்கே விடுகிறேன்.

இனி வருவது உனக்கு மட்டும். அன்று காலை நான் துடுப்புகளைச் சுமந்துகொண்டு கீழே போய்விட்டதால் மாடி வீட்டைப் பூட்டியவள் உன் அம்மா. நான் மேலே போய் இழுத்துப் பார்க்க நினைத்தேன். அவள் முகத்தில் இருந்த அவசரத்தைப் பார்த்துப் போகவில்லை, வழி நெடுக வாயையும் திறக்கவில்லை, நான் அன்று செய்த உண்மையான சாகசம் அதுதான். திரும்பி வந்ததும் அவள் கீழே ஈர ஜாக்கெட்டுகளை அலசிக்கொண்டிருக்க, நான் முதலில் மேலே போனேன். பூட்டு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது, வாயைப் பிளந்துகொண்டு. நாள் முழுக்க வீடு திறந்தே கிடந்திருக்கிறது. உள்ளிருந்து எதுவும் போகவில்லை, ஒன்று மட்டும் வந்திருந்தது: அடுத்த வீட்டுத் தையற்காரரின் பூனை என் நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றினேன், ரோமத்தைத் துடைத்தேன், பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, அவள் சாவியோடு வந்து திறக்கும்வரை களைத்தவனைப்போல் படியில் உட்கார்ந்திருந்தேன். சான்றை மறைத்தது குற்றம் என்பதை அறிவேன். ஆனால் அது வீணாகக் கூடாத சான்று. அடுத்த மாதம் உன் அம்மாவுக்குத் தனிப் படகுத் தேர்வு. இடுப்பைச் சுற்றித் துணி மூடி போட்டு அடைத்த படகில் கவிழ்ந்து, மூடியின் பிடியை இழுத்து, வெளியே வர வேண்டும். அவள் கவிழத் தயங்கமாட்டாள், நாம் அறிந்ததே. ஆயினும் தலைகீழாக இருக்கும் நேரத்தில் அவளுக்கும் யோசிக்க ஒரு விஷயம் வேண்டாமா. விசிலம்மா கையெட்டும் தூரத்தில் நிற்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே, கரையில் துண்டோடு நிற்கும் நான், இதமான குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்.

அதுவரை இது நம் இருவருக்குள் இருக்கட்டும். நீ வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே கவிழக் கற்றுக்கொள், ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதே, கால் பாறை இடுக்கில் மாட்டும், மல்லாந்து பாதங்களை முன்னால் நீட்டி மிதந்து வா. தனியாக ஒருபோதும் இறங்காதே. மாற்று உடையை நனையாத பையில் வை. நீ எந்த நீரில் இறங்கினாலும் சிரித்துக்கொண்டே கரையேற வேண்டும் என்று உன்னை வாழ்த்துகிறேன், அம்மாவின் ஆசியும் உண்டு, அது அவளுக்குத் தெரியாமலே இங்கு சேர்க்கப்படுகிறது. கடைசியாக, வெளியே கிளம்பும்போது மறக்காமல் பூட்டை இழுத்துப் பார். ஒரு முறை போதும்.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
(முன்னிருக்கை)