அறுநூற்று நாற்பது டிகிரி

மார்ச் 4
காலை முழுக்க மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. கோபுர உச்சியிலிருக்கும் வெப்ப ஏற்பிக்கு இதுதான் பெரிய சோதனை. கீழே ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலைத் திருப்பி அதன் குழாய்கள்மேல் கொட்டுகின்றன. உள்ளே ஓடும் உருகிய உப்பு சூட்டை வாங்கிக்கொள்கிறது; அந்தச் சூட்டில்தான் எங்கள் ஆலை மின்சாரம் எடுக்கிறது. குழாய்ச் சுவர் அறுநூறு டிகிரியைத் தொட்டால் நான் கண்ணாடிகளை விலக்க வேண்டும். இன்று விலக்கி விலக்கியே பொழுது போனது. வால்வு பழுது பார்த்துவிட்டு என் கணவர் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தார். "உன் கண்ணாடிங்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றார். கட்டுப்பாட்டு அறையே சிரித்தது.

மார்ச் 9
வரம்பை அறுநூற்று நாற்பதாக ஏற்றச் சொல்லி உத்தரவு. போட்டவர் ஆலைத் தலைவி - இவருடைய அக்கா, என் நாத்தனார்.
"குழாய் தாங்காது அண்ணி. மேகம் விலகுறப்பல்லாம் திடீர்னு சூடேறி ஏற்கெனவே அடி வாங்குது."
"தெரியும்மா. இப்படியே கண்ணாடியை விலக்கிட்டிருந்தா மின்சாரம் எங்கேருந்து வரும்? ஆலையை மூடிடுவாங்க. இத்தனை குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும்."
அவர் சொல்வதும் பொய்யில்லை. வரம்பை ஏற்றிவிட்டேன்.

மார்ச் 10
இவரிடம் புலம்பினேன். "அக்காவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல என்னை நிறுத்தாதே தாயே" என்று கும்பிட்டார்.

மார்ச் 21
குழாய் வெடித்துவிட்டது. மேகம் விலகிய கையோடு. திரையில் அறுநூற்று இருபதுதான். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும் - வரம்பைத்தான் ஏத்தியாச்சே! இவர் ஏற்பிக்கு ஒரு தளம் கீழே வால்வு பார்த்துக்கிட்டு - மேலேருந்து உப்பு - ஐயோ, எழுத முடியலை.

மார்ச் 23
தீக்காயப் பிரிவு. கண் திறந்ததும் இவர் கேட்டது: "கண்ணாடியெல்லாம் விலக்கிட்டியா?"
"விலக்கிட்டேங்க."
"வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"
இல்லை என்றேன். கதவுக்கு வெளியே அண்ணி சுவரோடு சுவராக நின்றார். கூப்பிட்டிருக்கலாமோ?

மார்ச் 26
போய்விட்டார்.

ஏப்ரல் 17
விசாரணை. குழாய் தயாரிப்பில்தான் குறை என்று சொல்லும்படி நிறுவனத்தின் வழக்கறிஞர் அண்ணியிடம் படித்துப் படித்துச் சொன்னாராம். அண்ணி எழுந்தார். "வரம்பை ஏத்தச் சொன்னது நான். தாங்காதுன்னு என்கிட்ட சொன்னாங்க. நான் கேக்கலை." குரல் பிசிறவில்லை. உட்காரும்போதுதான் நாற்காலியைத் தடவித் தேடினார். அவரை வெறுப்பது நேற்றுவரை எவ்வளவு சுலபமாக இருந்தது!

மே 30
ஆலையை மூடிவிட்டார்கள். அண்ணி வேறு ஊருக்குப் போகிறார்; சொல்லிக்கொள்ள வந்திருந்தார். "வாங்க" என்று சொல்லிவிட்டேன். "உட்காருங்க" என்று மட்டும் சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டேன். வந்து பார்த்தால், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு டம்ளரை நீட்டினேன். நானும் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றபடியே குடித்து முடித்தோம்.