ஆணியில் மாட்டிய மணி

மார்ச் 3
இன்று தலைவலி ஃபைல் வடிவத்தில் வந்தது. பெரிய சிஸ்டர் அதை என் மேசையில் பொத்தென்று போட்டார். "போன மாசம் நம்ம வார்டுல மூணு பேஷண்ட் விழுந்திருக்காங்க. ஏன்னு கண்டுபிடி. இனிமே தர மேம்பாடு உன் பொறுப்பு." இருபது வருஷம் ஊசி போட்டவளுக்கு இப்போது கிராஃப் போடும் வேலை! வீட்டில் சொன்னால் இவர், "அப்படியே வீட்டுக் காபியையும் மேம்படுத்து" என்கிறார். கொழுப்பு.

மார்ச் 5
காரணம் கண்டுபிடித்தாயிற்று. தரை துடைக்கும் அக்காதான். துடைக்கிறாளா, குளம் வெட்டுகிறாளா? 'ஈரத் தரை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டே நாள்! என்னை யாரென்று நினைத்தார்கள்?

மார்ச் 6
தினமும் வாய் நிறைய வணக்கம் சொல்கிற அக்கா இன்று சொல்லவில்லை. போகட்டும்.

மார்ச் 11
ஆறாம் படுக்கை டிரைவர் ஐயா விழுந்துவிட்டார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து எட்டாவது நாள்! கட்டிலைப் பிடித்துக்கொண்டு சரிந்ததால் முட்டிச் சிராய்ப்போடு தப்பித்தார். தரையைத் தொட்டுப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. அக்கா அப்போது இன்னும் துடைக்கவே வரவில்லை.

பெரிய சிஸ்டரோ, "உன் ரிப்போர்ட் மேல போயிடுச்சு. மாசக் கடைசியோட அந்தம்மாவை நிறுத்திடுவாங்க" என்கிறார். ஐயோ, நான் அதுக்கா எழுதினேன்? அவ ஒருத்தி வேலையிலதான் அந்தக் குடும்பமே ஓடுது.

மார்ச் 12
நான்கு பேர் விழுந்த நேரத்தையும் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். எல்லாமே காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். அக்கா துடைக்க வருவது ஒன்பதரைக்கு! இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். எங்கே பார்த்தேன்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இன்னொன்று — அந்த நான்கு நாளும் காலை டியூட்டி நான்.

மார்ச் 13
ஏன் தனியாக எழுந்தீர்கள் என்று டிரைவர் ஐயாவைக் கேட்டேன். "பாத்ரூம் அவசரம்மா. முப்பது வருஷம் அடுத்தவங்க பெல் அடிச்சு நான் பஸ்ஸ நிறுத்துனேன். நான் அடிக்கலாம்னு பார்த்தா பெல் எட்டல."

பெல் அவர் தலைக்கு மேலே, சுவர் ஆணியில். மாட்டியது நான். டாக்டர் ரவுண்ட்ஸ் வருமுன் விரிப்பு மாற்றி, பெல் ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுவேன். படுக்கை அப்போதுதான் லட்சணமாக இருக்கும். 'உன்னை மாதிரி யாரு பெட் போடுறா'ன்னு எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கு அப்படியே உச்சி குளிரும். சீ! வெட்கமா இருக்கு. சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது? எனக்குத் தெரியுமே.

மார்ச் 14
எழுதிக் கொடுத்துவிட்டேன். 'காரணம் ஈரத் தரை அல்ல. அழைப்பு மணியை எட்டாத இடத்தில் மாட்டியது. மாட்டியவள் நான்.' பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு மெமோ வரும்."

"வரட்டும் சிஸ்டர். அக்கா இருக்கணும்."

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தள்ளுங்க, வேலை கிடக்கு" என்றாள். எனக்கு நல்லா வேணும்.

மார்ச் 22
மெமோ வந்தது. அக்கா இருக்கிறாள். இப்போது புது விதி: விரிப்பு மாற்றியதும் மணி நோயாளி கையில். தவறினால், பார்த்தவர் யாரானாலும் வார்டு நோட்டில் பதியலாம். டிரைவர் ஐயா ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவை அடித்தார். விழுந்தடித்து ஓடினால், "சும்மா, வேலை செய்யுதான்னு பார்த்தேன்மா."

ஏப்ரல் 9
நான்கு வாரம். ஒருவரும் விழவில்லை. டிரைவர் ஐயா வாக்கரோடு நடந்தே வெளியே போனார். அந்தக் குஷியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே, ஆறாம் படுக்கைக்குப் புதிதாக வந்த பெரியவருக்கு விரிப்பு மாற்றினேன்.

வாளியோடு போன அக்கா நின்றாள். ஆணியிலிருந்து மணியை எடுத்து அந்தப் பெரியவர் கையில் வைத்தாள். பாழாய்ப்போன என் கை, பழக்கத்தில் மாட்டியிருக்கிறது! அக்கா வார்டு நோட்டை நீட்டினாள். எழுதினேன். 'பார்த்தவர்' என்ற இடத்தில் அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வணக்கம் சிஸ்டர்" என்றாள்.