அரிசி வாளிக்குள் தம்பி

அம்மா,

தம்பியின் படத்தில் இன்றைக்கும் அரிசித் தவிட்டு மணம் வருகிறது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை.

வட்டக்கச்சியில் நம் வீட்டு வாசல் படலையில் கணக்கெடுப்புக்காரர் யாராவது வந்து நின்றால் போதும், உங்கள் கை முதலில் சுவருக்குத்தான் போகும். படத்தை அரிசி வாளிக்குள் புதைத்த பிறகுதான் "வாங்கோ, இருங்கோ" என்பீர்கள்.

"ஆச்சி, மாத வருமானம் எவ்வளவு வரும்?"

"கொஞ்சக் கோழி நிக்குது மோனை. முட்டை வித்தால் ஏதோ வரும்."

"வெளிநாட்டில பிள்ளையள் ஆரும்?"

"எனக்கு இவள் ஒருத்திதான்."

ஒரு முட்டையைக்கூட மறைக்காத நீங்கள் மகனை மறைத்தீர்கள். முதியோர் கொடுப்பனவு நின்றுவிடும் என்பது மட்டுமல்ல உங்கள் பயம். "காசு வருது எண்டால், அவன் ஏன் போனவன், ஆருக்கு அனுப்புறான் எண்டு கேப்பினம். பிறகு ஆமிக்காரர் உன்னைக் கூட்டிக்கொண்டு போவினம்" என்று குசினிக்குள் வந்து குசுகுசுப்பீர்கள்.

கடைசியில் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தான், நீங்கள் படுக்கையில் கிடந்தபோது. அவன் உங்கள் கட்டிலருகே இருந்த நேரம் பார்த்து ஒரு கணக்கெடுப்புப் பிள்ளையும் வந்தாள். "இவர் ஆர் ஆச்சி?" என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு அவனைப் பார்த்தீர்கள்.

"ஆரோ வழி கேட்டு வந்தவர்."

கிணற்றடியில் அவன் கேட்டான்: "அக்கா, அம்மாக்கு என்னைத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சபடியால்தான்டா அப்பிடிச் சொன்னவா" என்றேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றான். அந்தக் கிழமையே நீங்கள் போய்விட்டீர்கள்.

எனக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. முதியவர்களின் வருமானம் கேட்டு இன்று காலை ஒருத்தி வந்தாள். படத்தை எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. சுதாரித்தபோது என் கை முழங்கை வரை அரிசிக்குள் இருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"வெளிநாட்டில இருந்து ஆரும் உதவி செய்யிறவையோ அம்மா?"

கிணற்றடியில் நின்ற அவன் முகம் நினைவுக்கு வந்தது.

"தம்பி ஒருத்தன் இருக்கிறான்" என்றேன். "அவன் அனுப்புறவன்."

அவள் போனில் எதையோ தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அவ்வளவுதான். தேநீரைக் குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதிருந்து ஒழுங்கையில் வரும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் எழுந்து வாசலுக்கு வருகிறேன். உங்களைப் போலவே படலையைப் பார்த்தபடி இருக்கிறேன். தம்பியைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன், அம்மா. அரிசி வாளியின் மூடியைத்தான் இன்னும் மூட முடியவில்லை.