பென்சில் தொடாத புருவம்

கரமனை,
திருவனந்தபுரம்,
2-5-1983

அன்பு மகள் முத்துவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, நான், உன் தங்கை தாணம்மை மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். பம்பாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதிலில் சௌக்கியம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதே. காலையில் என்ன சாப்பிட்டாய், ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா, ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா, இதையெல்லாம் எழுது. விளம்பர ஆபீசில் நாள் முழுக்க மற்றவர்களுடைய கடிதங்களை டைப் அடித்துவிட்டு வீட்டுக்கு எழுத உனக்குக் கை வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். நான் யூனிவர்சிட்டி லைப்ரரியில் நாள் முழுக்க மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டுகிறேன். எனக்கு என்று வருவது உன் கடிதம் மட்டும்தான்.

தாணம்மையின் படம் அச்சாகி வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேரே அதைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நடுவில் நடந்த ஒரு தவறை உன்னிடம் இதுவரை மறைத்து வைத்திருக்கிறேன். அதையும் வரிசையாகச் சொன்னால்தான் நான் உனக்கு எதற்கு நன்றி சொல்கிறேன் என்பது விளங்கும். பிப்ரவரியில் உன் கடிதம் வந்தது. எர்ணாகுளத்துக் குடைக் கம்பெனிக்கு மழைக்கால விளம்பரத்துக்கும் காலண்டருக்கும் புதுமுகமாக ஒரு பெண் வேண்டும், பதினேழு வயதுக்குள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருக்க வேண்டும், அந்தக் கடிதத்தை டைப் அடித்ததே நான்தான், அடிக்கும்போதே தாணம்மையின் முகம்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். குடை விக்கதுக்கு எனக்க பிள்ளைதான் கெடச்சாளா என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார். தாணம்மை இரண்டு நாள் தலை வாரிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, அப்பா, நான் இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல, இது ஒண்ணு மட்டும் வேணும் என்றாள். அது உண்மை. அவள் எதையும் கேட்டதில்லை. பிரீடிகிரிக்குச் சேர்ந்தபோதுகூட உன் பழைய பாவாடை தாவணிகளைத்தான் கட்டிக்கொண்டு போனாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, முத்து சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். உன்னைப் பம்பாய்க்கு அனுப்ப மாட்டேன் என்று நான் மூன்று நாள் பட்டினி கிடந்தது அப்போது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து மோர் எடுக்கப் போனேன்.

நீ என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் முழுக்க எழுதியிருந்தாய். நாலு படம் போதும், முகம், பக்கவாட்டு முகம், சிரிப்பது, முழு உருவம். பவுடர் வேண்டாம், நகை வேண்டாம், பூ வேண்டாம். டச்சப் என்று நெகட்டிவில் பென்சில் ஓட்டுவது வேண்டவே வேண்டாம் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். பின்பக்கம் உயரமும் பிறந்த தேதியும். கடைசியில் சின்ன எழுத்தில், முடியை இடது புருவத்தின் மேல் விழுகிற மாதிரி வாரிவிடுங்கள் அம்மா. அந்தக் கடைசி வரியை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் சாலைக் கடைத்தெருவில் ராஜையன் ஸ்டுடியோவுக்குப் போனேன். நம் குடும்பத்தில் எல்லாப் படமும் அவர் எடுத்ததுதானே. தாணம்மையைப் பார்த்ததும் ராஜையன் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளை வீடு எங்க அம்மா, நாரோயிலா தக்கலையா? மாடலிங்குக்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கடையில் இன்னும் இரண்டு குடும்பம் காத்திருந்தது. சும்மா ஒரு படம்தான் அண்ணே என்றேன். பதினேழு வயதுப் பெண்ணைத் தாய் கூட்டிக்கொண்டு வந்து சும்மா ஒரு படம் என்று சொன்னால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். ராஜையனுக்கு அது போதும். தன் வீட்டுக்காரியிடமிருந்து இரட்டைவடச் சங்கிலி வாங்கி வந்தார். மல்லிகை வந்தது. பவுடர் வந்தது. பின்னால் அருவி எழுதின திரை. பிளாஸ்டிக் பூச்சாடியின் மேல் கையை வைக்கச் சொன்னார். தாணம்மை என்னைப் பார்த்தாள். நான் உன் தாளைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. எத்தனையோ புத்தகம் படித்தவள். ஒரு ஸ்டுடியோக்காரரிடம் ஒரு சொல்லைச் சொல்லத் துணிவில்லை. ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. நெகட்டிவில் பென்சில் ஓட்டி நிறத்தை வெளுப்பாக்கியிருந்தார். இடது புருவத்தில் அந்தப் பழைய தழும்பின் வெட்டு இல்லை. முழுப் புருவம். அதை நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன். அதையே எர்ணாகுளத்துக்கு அனுப்பிவிட்டேன். உனக்குப் பிரதி அனுப்பாததற்குத் தபால் மேல் பழி போட்டேன். மன்னித்துவிடு.

மார்ச் கடைசியில் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. அந்த ஒரு நாள்தான் இருப்பார்கள், அன்றே முடிவு செய்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. அப்பா எங்களோடு பஸ்ஸில் வந்தார், மாடிக்கு வரவில்லை, எதிர்த்த டீக்கடையில் நிற்கிறேன் என்றார். மாடி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. கோட்டயத்துப் பெண் ஒருத்தி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள், நல்ல களையான முகம். அறையில் கம்பெனி மானேஜரும், மெட்ராஸிலிருந்து வந்த வன்னியராஜ் என்ற போட்டோகிராபரும். தாய் கூட இல்லாமல் எந்த அறைக்குள்ளும் போகக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே, அதை மட்டும் அட்சரம் பிசகாமல் செய்தேன். நாற்காலியை இழுத்து வாசற்படியிலேயே போட்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்த வழியே கிடையாது. மானேஜர், அம்மைக்கு உள்ளே ஃபேனுக்கு அடியில் இருக்கலாமே என்றார். இங்க நல்ல காத்து வருது என்றேன். காற்றே இல்லை. மானேஜர் படத்தைப் பார்த்தார், தாணம்மையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார், ஈ படத்திலுள்ளது இவளுடே சேச்சியாணோ? அக்காவின் படத்தை மாற்றி அனுப்பிவிட்டோமா என்று. நான் கைப்பையைத் திறந்து மூடினேன். படத்தில் இருக்கிற குட்டியை நினைத்துத்தான் வரச் சொன்னோம், இது வேறே ஆள், சிரமம் தந்ததுக்கு க்ஷமிக்கணும் என்று சொல்லி அடுத்த பெயரைத் தேடக் குனிந்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு சொல் சொல்லாத என் கோழைத்தனத்தால் என் பிள்ளை கேட்ட ஒரே பொருள் போயிற்று என்று நினைத்தேன்.

தாணம்மை எழுந்திருக்கவில்லை. அது நான்தான் சார், பாதி ராஜையன் அண்ணன் பென்சிலால வரைஞ்சது என்றாள். மேஜையில் இருந்த கூஜாவிலிருந்து கைக்குட்டையை நனைத்து முகத்தைத் துடைத்தாள். நான் போட்டுவிட்ட பவுடர். ஆம், அன்றைக்கும் போட்டுவிட்டிருந்தேன். துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வன்னியராஜ், புருவத்துல என்னம்மா என்று கேட்டார். முத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ வாசிக்க வேண்டும். எனக்கு ரெண்டு வயசுல எங்க அக்கா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு கோயில் ஆராட்டு ஊர்வலம் பாக்க ஓடினா சார். அவளுக்கு எட்டு வயசு. ஆனை திரும்பிப் போயிடும்னு அவசரம். எறங்கி நட சவமேன்னு என்னை விட்டிருந்தா ஆனையைப் பிடிச்சிருப்பா. அவளுக்கு என்னையும் விட மனசில்ல, ஆனையையும் விட மனசில்ல. ரெண்டு பேரும் சேந்து கோயில் படியில விழுந்தோம். எனக்கு மூணு தையல். அவளுக்கு முட்டியில இத்தாம் பெரிய காயம், அதை யாருமே பாக்கல. இதைச் சொல்லும்போது சிரித்தாள். சொல்லிக்கொண்டே கையால் யானை எவ்வளவு உயரம் என்று காட்டினாள். உன் முட்டியில் காயம் பட்டது எனக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் கழித்துத் தம்பானூரில் ஒரு வாசற்படியில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறேன். அன்று நான் உன்னை அடித்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வன்னியராஜ் அவள் பேசப் பேசவே நாலைந்து படம் எடுத்துவிட்டார். மானேஜரிடம், சார் எனக்கு இந்தப் பொண்ணு போதும், அந்தப் படத்தைக் கல்யாணத் தரகர்கிட்ட கொடுத்துடுங்க என்றார். மானேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டயத்துப் பெண்ணுக்கு வேறொரு விளம்பரம் தருவதாகச் சொன்னார்கள், அது நடந்தால் நல்லது.

பதினெட்டு ஆகாததால் தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டீக்கடையிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்தேன். தானியக் கடைக் கணக்குப்பிள்ளை அல்லவா, மூன்று தடவை வாசித்தார். கம்பெனி விரும்பும் எந்தச் சரக்குக்கும் எத்தனை காலமும் படத்தை உபயோகிக்கலாம் என்று ஒரு வரி. அதைத்தான் பார்க்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய். அப்பா அதை அடித்து, குடைக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று தன் அழகான இங்கிலீஷில் எழுதி ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். பணம் பிள்ளை பேருல செக்காத்தான் வரணும், கையில வேண்டாம் என்றார். இதெல்லாம் யாரு சொல்லித் தந்தது சாரே என்று மானேஜர் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எனக்க மூத்தவ பம்பாயில இதே தொழில்தான் என்றார். நீ டைப்பிஸ்ட் என்பதைச் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

படம் எடுத்தது கல்லாற்றில். கம்பெனி வேனில் நாங்கள் மூவரும் போனோம், எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு. ஏப்ரல் வெயில், ஆற்றில் பாறைதான் அதிகம். மழைக்காக இரண்டு ஆட்கள் பாறை மேல் ஏறி நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். தாணம்மை குடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும், பதினோரு தடவை. இது விளையாட்டு இல்லை, வேலைதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கால் கொப்புளித்தும் அவள் முகம் சுளிக்கவில்லை. உன் சொற்படி முடியைப் புருவத்தின் மேல் வாரித்தான் விட்டிருந்தேன். மூன்று மணிக்குப் பொன்முடிப் பக்கமிருந்து நிஜமான கோடைமழை வந்துவிட்டது. கொண்டுபோன குடை எல்லாம் காமிராவின் மேல் போயிற்று. குடைக் கம்பெனிப் பெண்ணுக்கு மட்டும் குடை இல்லை. அவள் கையில் இருந்த ஒன்றும் காற்றில் மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. அவள் முழுக்க நனைந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். வன்னியராஜ், ஐயா விலகுங்க விலகுங்க என்று கத்தியபடி எடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு படத்தில் அப்பாவின் முழங்கை இருக்கிறதாம். அதன் பிரதி கேட்டிருக்கிறேன். அதற்கிடையில் ராஜையன் அந்தப் பூச்சாடிப் படத்தைக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டிவைத்து, அதைப் பார்த்துத் தக்கலையிலிருந்து ஒரு வரனும் வந்துவிட்டது. அப்பா, அந்தப் பெண் எங்க வீட்டுல இல்ல என்று சொல்லி அனுப்பினார்.

முந்தாநாள் சிவகாசியிலிருந்து முதல் தாள் வந்தது. கோடைமழைப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள், திரும்பிக்கொண்ட குடையோடு. எங்கள் குடை இப்படித் திரும்பாது என்று மலையாளத்தில் கீழே எழுத்து. நனைந்த முடி பின்னால் ஒட்டிப்போய் நெற்றி முழுக்கத் தெரிகிறது. இடது புருவம் இரண்டாக நிற்கிறது. தாளின் பின்பக்கம் அச்சகத்துக்கு வன்னியராஜ் எழுதின குறிப்பு அப்படியே இருக்கிறது, புருவத்தில் பென்சில் படக்கூடாது என்று. முத்து, பம்பாய் போன நாள் முதல் ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது ஒரு மூலையில் கேட்பாய், தாணம்மைக்கு அந்தத் தழும்பு மங்கிவிட்டதா அம்மா என்று. நானும் மங்கிவிட்டது, மங்கிவிட்டது என்று பொய் எழுதினேன். மங்கவில்லை. ஜூனில் மழை பிடிக்கும்போது காசர்கோடு வரைக்கும் ஒவ்வொரு குடைக் கடையிலும் அது தொங்கும். அவள் அதை உன்னிடம் சொல்லச் சொன்னாள். இனிமேல் கேட்காதே. இந்த வீட்டுக்கு நீ செய்ததற்கு நன்றி என்ற சொல் சின்னது, தாய் மகளுக்கு அதைச் சொல்லும் வழக்கமும் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். அன்று அடித்த அடிக்கு மன்னிப்பையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்.

நீ நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் இருக்க ஆதிகேசவன் துணை நிற்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதம், தாணம்மையின் முத்தம். லீவுக்கு வரும்போது குடை வாங்கி வராதே, கம்பெனிக்காரர்கள் ஆறு கொடுத்திருக்கிறார்கள். வந்ததும் முதல் வேலையாக உன் முட்டியை எனக்குக் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா,
பூ. பகவதியம்மாள்