ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு கண்டம்

ஆகஸ்ட் 11, 1996 – ஞாயிறு

ஐம்பத்திரண்டு வயதில் களவு செய்திருக்கிறேன். அதுவும் பெற்ற மகளிடம். யோகலட்சுமியின் ஃபாரத்தை ஒளித்து வைத்துவிட்டேன்.

தென்துருவத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கப்பலில் அழைத்துப் போகிறார்களாம், சுற்றுச்சூழல் படிக்க. உலகம் முழுக்க நாற்பதே பேர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாறிக்கொண்டு ஓடும் லோங்காங்கைப் பற்றி இவள் எழுதிய கட்டுரை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சாக்கடைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். செலவெல்லாம் அவர்களுடையது. தகப்பன் கையெழுத்து மட்டும் வேண்டும், இருபதாம் தேதிக்குள்.

"அப்பா, ஃபாரம் எங்க?" மூன்று நாளாகக் கேட்கிறாள்.

"படிச்சிக்கிட்டு இருக்கேன்மா." மொத்தமே இரண்டு பக்கம்.

ஏன் ஒளித்தேன்? உலக உருண்டையைத் திருப்பிப் பார்த்தேன், அதனால்தான். அடியில், அந்தக் கண்டம் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூ இருக்கிறது. இருக்கிற ஒரே பெண்ணை ஸ்க்ரூவுக்கு அடியில் அனுப்புவதா?

ஒளித்த இடம்: பதின்மூன்று வருடமாக நான் திறக்காத உடற்பயிற்சிப் புத்தகம். இந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஆகஸ்ட் 16 – வெள்ளி

வள்ளி கண்டுபிடித்துவிட்டாள்.

"அலமாரியில எல்லா புக் மேலயும் தூசி. அது மேல மட்டும் இல்ல. நீங்க எக்ஸர்சைஸ் செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் திறந்து பாத்தேன்."

இருபது வருடம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினால் இதுதான் கதி. யோகா ஃபாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மானத்தைக் காப்பாற்ற ஒரு நிபந்தனை போட்டேன். நண்பர் அப்துல் ரஹீம் வேலை செய்யும் ஐஸ் ஃபேக்டரியில், பாளம் அடுக்கும் அறையில் அரைமணி நேரம் நிற்கவேண்டும். நின்றால் கையெழுத்து. ஐந்து நிமிடத்தில் ஓடி வந்துவிடுவாள்.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

ஓடி வந்தது நான்.

துணைக்கு உள்ளே போயிருக்கக் கூடாது. நாலு நிமிடம். மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போய், கதவென்று நினைத்து ஐஸ் பாளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேனாம். ரஹீம்தான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, கோப்பி கொடுத்தார்.

"என்ன அண்ணே, மீனே இங்க ஒரு வாரம் இருக்குது லா."

"அது செத்த மீன், ரஹீம்."

யோகா முப்பத்தைந்து நிமிடம். உருகும் தண்ணீர் எங்கே போகிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களை விசாரித்துக்கொண்டு நின்றாளாம். வெளியே வந்ததும் பேனாவை நீட்டினாள்.

போட்டேன். கை நடுங்கியதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. குளிரால்தான் நடுங்கியது என்று இங்கே பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 15

யோகாவை வழியனுப்பப் பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுக்குப் போனோம். தம்புவும் வந்திருந்தான். தைப்பூசத்துக்கு நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு நான் தலைவர், அவன் செயலாளர். மற்ற நாட்களில் ஊர்ச் செய்திகளுக்கு ஒலிபரப்பாளர்.

"பொம்பளப் பிள்ளைய பனிக்கு அனுப்பிட்டு மாப்பிள்ளை எங்க பாக்கப்போற?"

"அங்கயேதான். அத்தனை பென்குவினும் கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்குதாம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உருண்டையின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். அடியில் ஓட்டைதான் இருந்தது.

டிசம்பர் 27

தகவல் இல்லை. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வள்ளி அழுகிறாள்.

ஜனவரி 5, 1997

ஆபீசுக்கு ஃபேக்ஸ் வந்தது. "நலம். எல்லாம் வெள்ளை. யோகா." இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு கோயிலில் முக்கால் மணி நேரம் பேசினேன். பனிப்பாறையில் எத்தனை விதமான நீலம் என்றுகூடச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

ஜனவரி 14 – பொங்கல்

வந்துவிட்டாள். பாதியாக மெலிந்து. பால் பொங்குவதைப் பார்க்கவேண்டியவள் கூடத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் மோரும் ரோஸ் சிராப்பும் கொடுக்க நான் வாங்கி வைத்த இருபது பெட்டி பிளாஸ்டிக் கப்.

"குடிச்சதும் இது எங்கப்பா போகும்?"

"குப்பைக்கு."

"அப்போ போன வருஷம் பந்தலுக்குப் பின்னால ஓடுற லோங்காங்ல மிதந்தது?"

பிள்ளையை நல்ல இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 17

கமிட்டிக் கூட்டம், எங்கள் வீட்டில். யோகா எழுந்து நின்று சொன்னாள்: வீட்டுக்குப் பத்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவர வேண்டும், அவளுடைய பள்ளித் தோழிகள் முப்பது பேர் முறை வைத்துக் கழுவுவார்கள்.

"ஏம்மா, எவனாவது தூக்கிக்கிட்டுப் போயிட்டா?" என்றான் தம்பு.

"போகட்டும் மாமா. அவங்க வீட்ல தண்ணி குடிப்பாங்க."

"அந்தக் கூட்டத்துல கழுவி மாளுமா? வரிசை நின்னுச்சுன்னா நம்ம பந்தல் மானம் போயிரும். எல்லாரும் பக்கத்துப் பந்தலுக்குப் போயிருவான்."

நியாயமான பயம். எனக்கும் இருந்தது. கை தூக்கிப் பார்த்ததில் மூன்றுக்கு மூன்று. தலைவர் கை பாக்கி. இந்தப் பக்கம் நான் வாங்கிய இருபது பெட்டி, அந்தப் பக்கம் மகள். அவள் என்னைப் பார்த்தாள். ஆகஸ்ட்டில் பார்த்தாளே, அதே பார்வை.

டம்ளருக்குத் தூக்கினேன். கொள்கை கிள்கை என்று ஒன்றும் கிடையாது. இருபது பெட்டியை ஒளிக்க அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

ஜனவரி 24

டம்ளர் கழுவிய விரலெல்லாம் தோலுரிந்து கிடக்கிறது, பேனா பிடித்தால் எரிகிறது.

நேற்று, தைப்பூசக் காலை பத்து மணிக்கே தம்பு பயந்தது நடந்தது. டம்ளர் போதவில்லை, வரிசை நின்றுவிட்டது. வெயில் வேறு. "சொன்னேன்ல?" என்றான். யோகா ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள்.

"அண்ணே, அக்கா, குடிச்ச டம்ளரை நீங்களே கழுவி அடுத்தவங்க கையில குடுத்திருங்க."

பால்குடம் இறக்கிவிட்டு வந்த ஓர் அம்மா முதல் டம்ளரைக் கழுவி, பின்னால் நின்றவரிடம் நீட்டினார். அதோடு வரிசை ஓட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் தம்புவே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். "இது என்னோட ஐடியா" என்று நாலு பேரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். பக்கத்துப் பந்தல்காரர்கள் அடுத்த வருடம் யோகாவை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். லோங்காங்கில் தண்ணீர் ஓடியது. தண்ணீர் மட்டும்.

ஒரு பத்திரிகைக்காரர் வந்து, "தென்துருவப் பனி உன்னை எப்படி மாத்துச்சு?" என்று யோகாவிடம் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் நான் கால் மணி நேரம் பதில் சொல்லிவிட்டேன். பனியில் வைத்த முதல் காலடி, அந்த அமைதி, அந்த நீலம். இன்று பேப்பரில் அப்படியே வந்திருக்கிறது. பசியாறும்போது அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, நான் பனியில இறங்கவே இல்ல."

"என்னது?"

"அங்க இருந்த எட்டு நாளும் புயல். படகு இறக்க முடியல. தூரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. மத்த நேரமெல்லாம் வாந்தி."

"அப்போ இந்த டம்ளர் யோசனை?"

"கப்பல்ல ஆளுக்கு ஒரே டம்ளர்தான், பேர் எழுதி. அதையே கழுவிக் கழுவிக் குடிக்கணும். குப்பையெல்லாம் கூடவே திரும்பி வரும்."

கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து டம்ளரைக் கழுவப் போனாள்.

ஆக, என் மகள் இதுவரை கால் வைத்து நின்ற ஒரே பனி, அப்துல் ரஹீமின் ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறது.